கண்ணாடிக்காரனுக்கு ஒரு மகள்

அறுபதுகளில் செஞ்சியில் வளர்ந்த யாரையாவது பிடித்து நிறுத்தி, "றெக்கைக்காரன் படத்துல அந்த வில்லன் எதுக்குய்யா ஊர் விளக்கையெல்லாம் அணைச்சான்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். "அவன் மகளுக்காக." சொல்லும்போதே சிலருக்குக் குரல் இறங்கிவிடும். அந்தப் படத்தை எடுத்த வெள்ளைக்காரனிடம் போய் இதைச் சொன்னால் திருதிருவென்று விழிப்பான். அவன் எடுத்த படத்தில் மகள் என்று ஒருத்தியே கிடையாது. அவளைப் பெற்றவர் எங்கள் ஊர் ஜகபர் அலி.

ஜகபர் அலி தொண்டையை வைத்துப் பிழைத்தவர். காலையில் கமிட்டி மார்க்கெட்டில் மல்லாட்டை மூட்டைகளை ஏலம் கூறுவார், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் வாசலில் துரைக்கண்ணுவின் டூரிங் டாக்கீஸ் ஜட்கா வந்து நிற்கும். இரண்டு பக்கமும் படத்தட்டி கட்டிய அந்த வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்து, "இன்று மாலை..." என்று அவர் இழுக்கிற இழுப்பில் கடைத்தெரு அப்படியே நின்று கேட்கும். தொலைந்துபோன ஆட்டுக்கும் அவர்தான் கூவுவார், தேர்தலுக்கும் அவர்தான் கூவுவார். எந்தக் கட்சிக்காரன் கூப்பிட்டாலும் போவார். எல்லாக் கட்சிக்கும் ஒரே உருக்கம்தான்.

பொழுது சாய்ந்ததும் திருவண்ணாமலை ரோட்டில் இருந்த கொட்டகைக்குப் போவார். இங்கிலீஷ் படம் ஓடுகிற நாட்களில் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கதை சொல்வது அவர் வேலை. எங்கெங்கோ ஓடித் தேய்ந்துபோன சண்டைப் படங்களும் முகமூடிப் படங்களும் துரைக்கண்ணுவுக்குச் சல்லிசாகக் கிடைக்கும். படத்தில் பேசுவது யாருக்கும் விளங்காது. அதனால் ஆப்பரேட்டர் ஜோசப்ராஜ் சத்தத்தைக் குறைத்துவிடுவார், ஜகபர் அலி மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அவருக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். 'கமான்' தெரியும், 'தேங்க்யூ' தெரியும். மற்றதையெல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். தப்பாகக் கண்டுபிடித்தாலும் சொல்லுகிற சொல்லில் அது சரியாகிவிடும்.

இவ்வளவு பேசுகிற மனிதர் வீட்டில் வாய் திறக்க மாட்டார். வீட்டில் இருந்தது அவரும் தங்கை முன்னியும்தான். அம்மா முன்னியின் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அத்தா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அண்ணன் சர்தார் இருந்தான், ஆனால் அந்த வீட்டில் அவன் பெயரை எடுக்கக் கூடாது. ஊரும் அவன் பெயரை எடுக்காது. "தேக்சா உதைச்சவன்" என்றுதான் சொல்லும்.

அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்னிக்கு ஆரணியில் மாப்பிள்ளை பார்த்து நிக்காஹ் நாள் வந்தது. பந்தல் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் வண்டி வண்டியாக வந்து இறங்கி, நிக்காஹ் எழுத ஹஜ்ரத்தும் வந்து உட்கார்ந்துவிட்டார். கொல்லையில் பண்டாரி அன்வர் பாஷா பிரியாணித் தேக்சாவின் தம்மை அப்போதுதான் உடைத்தார். அவர் கைப் பிரியாணிக்கு விழுப்புரத்திலிருந்துகூட ஆள் வரும். அந்த நேரத்தில் சர்தார் கொல்லைக்கு வந்தான். முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கா நம் வீட்டாருக்கா என்று உப்புப் பெறாத ஒரு வழக்கை இழுத்தான். மாப்பிள்ளையின் பெரியப்பாவை வாய்க்கு வந்தபடி பேசினான். அப்புறம் காலைத் தூக்கி, ஆவி பறக்கிற தேக்சாவை ஓர் உதை விட்டான்.

சோறும் கறியும் மண்ணில் கொட்டின. மாப்பிள்ளை வீட்டார் கையைக்கூட நனைக்காமல் வண்டி ஏறிவிட்டார்கள். ஒருவனை அடித்திருந்தால் ஊர் மறந்திருக்கும். விருந்துச் சோற்றை உதைத்தவனை யார் மன்னிப்பார்கள்? அன்வர் பாஷா அன்றைக்கு மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "என் மய்யத்தத் தூக்கக்கூட நீ வரக்கூடாது" என்று அத்தா சொல்லிவிட்டார். சர்தார் அன்று மாலையே ஊரை விட்டுப் போனான். முன்னிக்கு அதன்பிறகு வரன் வரவில்லை. ஜகபர் அலிக்குத் திண்டிவனத்தில் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும், தேக்சாவை உதைக்கிற வீட்டில் பெண் கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணை அவர் ஒரே ஒரு முறை தூரத்திலிருந்து பார்த்திருந்தார். பிடித்துமிருந்தது. அண்ணன் மேல் அவருக்கிருந்த கோபத்தில் ஊர்க் கோபம் பாதி, இந்தக் கோபம் பாதி.

அத்தா மவுத்தான அன்று சர்தார் வந்தான். கபர்ஸ்தானுக்குள் வராமல் ரோட்டோரப் புளியமரத்தடியில் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றான். அத்தாவின் சந்தாக்கைத் தோளில் சுமந்து போன ஜகபர் அலி அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "பெரியண்ணே வந்துச்சாமே?" என்று முன்னி கேட்டாள். "எவன் வந்தா நமக்கு இன்னா?" என்றார். முன்னிக்கு இருந்த ஒரே ஆசை, அந்த அண்ணன் மறுபடியும் இந்த வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும் என்பதுதான். அன்றைக்கு அவள் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் றெக்கைக்காரன் வந்தான்.

அது முகமூடிப் படம். ஒரு பெரிய பட்டணம். அதில் பகலில் ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கிற ஒருவன், ஆபத்து என்றால் முகமூடி போட்டு இரண்டு றெக்கையை மாட்டிக்கொண்டு மாடிக்கு மாடி பறப்பான். அவனுக்கு எதிரி, கறுப்புக் கண்ணாடியும் காதுவரை தூக்கிவிட்ட காலருமாக ஒருத்தன். ஒரு நெம்புகோலைப் பிடித்து இழுத்தான் என்றால் பட்டணம் முழுக்க விளக்கு அணைந்துபோகும். இருட்டில் அவன் ஆட்கள் பாங்கைக் கொள்ளையடிப்பார்கள். அப்போது நம் பக்கத்துக் கிராமங்களுக்குக் கரன்ட் வந்த புதிது. விளக்கை அணைக்கிறவன் என்றால் ஜனங்களுக்குக் கேட்க வேண்டுமா? முதல் நாள் அவன் திரையில் வரும்போதெல்லாம் மண்ணை வாரி வீசினார்கள். ஜகபர் அலியும், "வர்றான் பாருங்க கண்ணாடிக்காரன், பாவி, பச்சைத் துரோகி" என்று ஏற்றிவிட்டார். றெக்கைக்காரன் விட்ட ஒவ்வொரு குத்துக்கும் கொட்டகையே எழுந்து நின்று விசிலடித்தது.

அந்த முதல் நாள் நடுவில் ஒரு ரீல் வரவில்லை. ஓட்டத்தோடு ஓட்டமாக யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் அந்த ரீல் தகர டப்பாவில் வந்து சேர்ந்தது. ஜோசப்ராஜ் அதை முன்கூட்டி ஓட்டிப் பார்க்க முடியவில்லை. எண்ணெய் இன்ஜின் ஆட்டத்துக்குத்தான் ஓடும், சும்மா பார்க்கிறதற்கு ஓட்டினால் துரைக்கண்ணு ஆளைத் தின்றுவிடுவார். அப்படியே மாட்டினார். திரையில் பட்டணமும் இல்லை, றெக்கையும் இல்லை. ஒரு சின்ன வீடு. மெலிந்த ஒரு மனிதன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். கட்டிலில் ஒரு பெண் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. அவன் எழுந்து போய் மேசை விளக்கை ஊதி அணைக்கிறான். ஜன்னல் பக்கத்தில் ஒரு பெண் நின்று அழுகிறாள்.

அது ஏதோ ஒரு குடும்பப் படத்தின் ரீல். படக் கம்பெனியில் டப்பா மாறிவிட்டது. ஜோசப்ராஜ் ஆப்பரேட்டர் அறை ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக் கையை விரித்தார். நிறுத்த முடியாது. நிறுத்தினால் கீற்றைப் பிடுங்கிவிடுவார்கள். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதற்குள் சலசலக்க ஆரம்பித்தார்கள்.

"யோவ், இது யாருய்யா?"

ஜகபர் அலி திரையைப் பார்த்தார். அந்த மெலிந்த மனிதனின் மூக்கும் மீசையும் கண்ணாடிக்காரனுக்கு இருப்பது போலத்தான் இருந்தன. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"யாருன்னு தெரியல? கண்ணாடியக் கழட்டிட்டாரு, அவ்ளோதான். இது அவரு வீடு."

கொட்டகை அமைதியானது. ஜகபர் அலி மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். இந்தக் குழந்தை கண்ணாடிக்காரருக்கு ஒரே மகள். வெளிச்சம் பட்டால் கண்ணில் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். துடித்துப் போகும். பார்க்காத வைத்தியம் இல்லை. பட்டணமோ பகல் மாதிரி விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்கிறது. வீடு வீடாகப் போய், 'என் மகள் தூங்கற நேரமாவது விளக்கக் கொறைங்க'ன்னு கெஞ்சிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அவர் அந்தக் கண்ணாடியை மாட்டினார்.

அடுத்த ரீலில் கண்ணாடிக்காரன் நெம்புகோலை இழுத்தான். பட்டணம் இருண்டது. ஒரு பிடி மண் பறக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து, கொட்டகையில் வறுத்த மல்லாட்டை விற்கிற மாரியம்மாளின் குரல் கேட்டது. "ஐயோ பாவம், புள்ளைக்கோசரம் பண்றான்."

றெக்கைக்காரன் பறந்து வந்து அவன் தாடையில் ஒன்று விட்டான். விசில் இல்லை. தரை டிக்கெட்டில் இருந்த ஒருவர் எழுந்து நின்று திரையைப் பார்த்தே சொன்னார். "யோவ் றெக்கை, அடிக்காதய்யா. வூட்ல புள்ள நோவுல படுத்துக்கினு இருக்குது."

ஆட்டம் முடிந்ததும் துரைக்கண்ணு வந்து நின்றார். "இன்னா பாய் இது? வில்லனுக்கு அழுவறானுங்க. ஈரோவ ஒருத்தனும் சட்ட பண்ணல."

"நீங்க குடுத்த ரீலுக்குத்தான் மொதலாளி நான் கத சொன்னேன்."

துரைக்கண்ணு ஜோசப்ராஜை ஒரு மூச்சு திட்டினார். மறுநாள் கொட்டகை நிரம்பி வழிந்ததும் திட்டை வாபஸ் வாங்கிக்கொண்டார். வல்லத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பனமலையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்து சேர்ந்து அழுதுவிட்டுப் போனார்கள். ஜகபர் அலிக்கும் சூடு பிடித்துவிட்டது. தினம் ஒன்று சேர்த்தார். ஒரு நாள் அந்தக் குழந்தை அப்பாவின் முகத்தையே பார்த்ததில்லை, கையைத் தடவித்தான் தெரியும் என்றார். இன்னொரு நாள், பாங்கைக் கொள்ளையடிப்பதே சீமை மருந்து வாங்கத்தான் என்றார். படத்தில் இருப்பவன் அதே ஆள்தான், செய்வதும் அதே அக்கிரமம்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அவன் வேறு ஆளாகிவிட்டான். கடைத்தெருவில் பெரிய மனிதர்கள் நின்று, "றெக்கைக்காரன் மட்டும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, ஏம்பா இப்டி பண்றேன்னு" என்று வழக்குப் பேசினார்கள்.

அப்புறம் கம்பெனி ஆள் வந்தான். மாறிப்போன ரீலை வாங்கிக்கொண்டு சரியான ரீலைக் கொடுத்தான். கடைசி நாள் ஆட்டத்துக்கு அதைத்தான் ஓட்டியாக வேண்டும். "பாய், இதுல இன்னா இருக்குதுன்னு அந்த ஆளக் கேட்டேன்" என்றார் ஜோசப்ராஜ். "கண்ணாடிக்காரன் தங்கத்தக் குவிச்சி வெச்சிக்கினு சிரிக்கறானாம். ரீலு பூரா சிரிப்புதானாம். இன்னா பண்ணுவ?"

"பாத்துக்கலாம்" என்றார் ஜகபர் அலி. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கடைசி நாளுக்குத்தான் முன்னி மாரியம்மாளோடு போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அவள் சினிமாவுக்குப் போகிறவள் இல்லை. ஊரே பேசுகிறதே, நம் அண்ணன் என்னதான் சொல்கிறார் பார்க்கலாம் என்று போனாள்.

ரீல் மாறியது. மேசை மேல் தங்கக் கட்டிகள். கண்ணாடிக்காரன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான், நிறுத்தாமல் சிரித்தான். கொட்டகை குழம்பிப்போனது. வீட்டில் அப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இவனுக்கு என்ன சிரிப்பு? ஜகபர் அலி அந்தச் சிரிப்பை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"இத்தன தங்கத்தையும் டாக்டர் முன்னால கொட்டினாரு. 'தங்கம் குடுத்தா கண்ணு வராதுப்பா'ன்னுட்டாரு டாக்டரு. அழுது அழுது கண்ணுல தண்ணி வத்திப்போன மனுசன் வேற இன்னா பண்ணுவாரு? சிரிக்கறாரு. ஊரு பாக்கும்போது சிரிக்கத்தான் செய்வாரு."

மாரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். முன்னி மட்டும் அழவில்லை. திரையைப் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஜகபர் அலி டீயில் பன்னை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். தங்கை நல்லதாக நாலு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

"அந்த ஆளுக்கு நெசமாவே மவ இருக்குதா?" என்றாள் முன்னி.

"எங்க இருக்குது? நானா சொன்னதுதான்."

"எதுக்கு சொன்ன?"

"ரீலு மாறிப்போச்சி, ஏதாவது சொல்லணுமே. அதுவும் இல்லாம, ஒரு மனுசன் சும்மாவா ஊரையே இருட்டாக்குவான்? உள்ள ஒரு காரணம் இருக்கும்ல?"

முன்னி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவன் யாரோ வெள்ளக்காரன். படம் எடுத்தவனே அவனக் கெட்டவன்னுதான் எடுத்திருக்கான். அவனுக்கே நீ ஒரு காரணத்தத் தேடிப் புடிச்ச. பெரியண்ணே தேக்சாவ உதைச்சிச்சே, அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு ஒரு நாளாவது நெனச்சியா, சின்னண்ணே?"

ஜகபர் அலிக்குக் கையிலிருந்த பன் அப்படியே நின்றது. அந்தப் பேச்சை அந்த வீட்டில் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. கோபம் வரும் என்று நினைத்தார், வரவில்லை.

"இன்னா காரணம்?" என்றார்.

"நான்தான்."

அவள் சொன்னாள். ஆரணி மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள். கைக்குழந்தையோடு அவளைத் தள்ளி வைத்துவிட்டான், சோற்றுக்கும் கொடுக்கவில்லை. நிக்காஹுக்கு முந்தின நாள் அந்தப் பெண் எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்து கிணற்றடியில் முன்னியைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. குழந்தையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள், அவ்வளவுதான். முன்னி பெரியண்ணனிடம் போய் அழுதாள். அவன் அத்தாவிடம் கேட்டான். அத்தாவுக்கு அது முன்பே தெரியும். வாக்குக் கொடுத்தாயிற்று, ஆம்பிளை என்றால் அப்படித்தான் இருப்பான் என்றுவிட்டார்.

"வேணான்னு நானே எல்லாரு முன்னாடியும் சொல்லிடறேன்னு சொன்னேன். பெரியண்ணே வுடல. 'பொண்ணு வேணான்னு சொன்னா ஊரு ஒன்னப் பேசும், எவனோட பழக்கம்னு கேக்கும். நான் கெட்டவனாயிட்டா என்னத்தான் பேசும், பேசிட்டுப் போவட்டும்'னு சொல்லிச்சி. நீ வாயத் தொறந்தா என் மேல ஆணைன்னு சொல்லிட்டுப் போச்சி."

"அத்தா போனப்பறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கி நீ அது மூஞ்சியப் பாக்காம திரும்பிக்கினியே. கேட்டதும் பயம் வந்துடுச்சி. நீயும் அத்தா மாதிரிதான்னு நெனச்சிட்டேன்."

அந்த வார்த்தைதான் ஜகபர் அலியைக் கொன்றது. எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றார். தேக்சா கவிழ்ந்த இடத்தைப் பார்த்தார். அங்கே இப்போது முன்னி கீரை போட்டிருந்தாள். இத்தனை வருடம் நம்மோடு ஒரே கூரையில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஊர் சொன்னதையே நாமும் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. வாய்விட்டு அழுதார்.

அன்று மத்தியானம் நோட்டீஸ் ஜட்கா வந்தபோது ஆள் இல்லை. வல்லத்துக்குப் பஸ் ஏறியிருந்தார். அங்கே ஒரு மல்லாட்டை உடைக்கிற மில்லில் சர்தார் மூட்டை தூக்குகிறான் என்று ஊருக்குத் தெரியும். ஜகபர் அலிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். மில் வாசலில் தோல் தூசி புருவமெல்லாம் படிந்து சர்தார் நின்றிருந்தான். நரைத்துவிட்டான். தம்பியைப் பார்த்ததும் முதலில் பயந்துபோனான்.

"முன்னிக்கி ஒண்ணும் இல்லியே?"

"நல்லா இருக்குது." ஊரையே நிறுத்தி வைக்கிற அந்தத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றார்.

சர்தாருக்குப் புரிந்துவிட்டது. தூசியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "சொன்னா நீ அத்தாவோட சண்டைக்குப் போயிருப்ப. அப்பறம் வூட்ல ரெண்டு கெட்டவனுங்க ஆயிருப்போம். ஒருத்தன் போதும்னு வுட்டேன்."

"வூட்டுக்கு வாண்ணே."

"வந்தா, இவன எதுக்கு சேத்துக்கினன்னு ஊரு கேக்கும். நீ காரணம் சொல்லணும். சொன்னா முன்னி பேரு அடிபடும். வாணாம்."

"நான் வேற ஏதாவது சொல்லிக்கறேன்."

"நான்கூட ஒரு நாளு ஒங்கொட்டாய்க்கு வந்தேன். நல்லாத்தான் சொல்ற." சர்தார் தம்பியின் தோளில் கையை வைத்தான். "எனக்கு அந்த மாதிரி கத ஒண்ணும் கட்டாத ஜகபரு. நான் இப்டியே இருந்துட்டுப் போறேன். பழகிப்போச்சி."

வெறுங்கையோடு திரும்பி வந்தார். நடந்ததை அப்படியே தங்கையிடம் சொன்னார். "அது சொன்ன மாதிரியே இருக்கட்டும்" என்றார் ஜகபர் அலி. முன்னி கீரைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜகபர் அலி கமிட்டிக்குப் போனதும் முன்னி புர்காவைப் போட்டுக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள். மில் வாசலில் போய் நின்றாள். வர மாட்டேன் என்றான் சர்தார். சரி, நீ வரும்வரை நானும் இங்கே மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்திருக்கிறேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சர்தார் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தான்.

செஞ்சியில் இறங்கியபோது ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் தெரு நிறைய வந்துகொண்டிருந்தார்கள். சந்து வழியாகப் போகலாம் என்றான் சர்தார். முன்னி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து நோட்டீஸ் ஜட்கா வந்தது. அதில் மைக்கோடு, தொழுதுவிட்டு முதல் ஆளாக வெளியே வந்து வண்டி ஏறிய ஜகபர் அலி. அடுத்த படத்துக்குக் கூவிக்கொண்டு வந்தவர், இவர்களைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். வண்டி நின்றது. தெருவும் நின்றது.

பள்ளிவாசல் படியில் பண்டாரி அன்வர் பாஷா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். அன்வர் பாஷா நிமிர்ந்தார்.

"தேக்சா உதைச்சவனா? எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இந்தத் தெருவுல வர்றான்?"

சர்தார் தலையைக் குனிந்துகொண்டான். முன்னி முகத்திரையைத் தூக்கினாள்.

"நான்தான் உதைக்கச் சொன்னேன் மாமா. எனக்கு அந்த நிக்காஹ் வேணாம், எப்டியாவது நிறுத்துன்னு நான்தான் இதுகிட்ட அழுதேன். அந்தாளு கட்டினவளயும் கைப்புள்ளையயும் பட்டினி போட்டுட்டு வந்தான். சோத்த மண்ணுல கொட்டினதுக்குக் கோவம் இருந்தா என்னக் கேளுங்க."

எல்லோரும் ஜட்காவைப் பார்த்தார்கள். ஜகபர் அலி ஏதாவது சொல்வார், சொல்லி இதை ஒரு மாதிரி நேராக்கிவிடுவார் என்று காத்திருந்தார்கள். அவர் மைக்கை அணைத்தார். வண்டியிலிருந்து இறங்கி வந்து அண்ணனின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அந்தப் பையில் அப்படி ஒன்றும் கனமில்லை.

அன்வர் பாஷா படியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். சர்தாரின் முகத்துக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நரைத்த தலையைப் பார்த்தார், காய்த்துப்போன தோளைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"சாப்டியாடா?" என்றார்.

"இல்ல மாமா."

"வா" என்று அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.